ஏசி பட்டனைத் தேடும்போது ரோட்டைப் பார்ப்பது யார்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தோம். அக்கா மகன் புதிதாக வாங்கிய கார். உள்ளே ஐந்து பேர். பர்லியார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. "குளிருதுடா, ஏசியை ஆஃப் பண்ணு" என்று பின்சீட்டில் இருந்து அக்கா சொன்னார். அவனும் அணைத்தான். இரண்டு வளைவு ஏறுவதற்குள் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது.

"மாமா, கண்ணாடிக்குக் காத்து விடுற பட்டன் எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றான். தேடினேன். நடுவில் இருந்த பெரிய திரையில் ஏசி படத்தைத் தொட்டால் ஒரு பக்கம் திறந்தது. அதில் வெப்பநிலை இருந்தது, ஃபேன் வேகம் இருந்தது, சீட்டைக் குளிர்விக்கும் வசதி இருந்தது. நாங்கள் தேடியது மட்டும் இல்லை. பொறுமை இழந்து அவனே ஒரு கையால் திரையைத் தட்ட ஆரம்பித்தான். எதிரே பஸ் ஹாரன். அக்கா பின்னால் இருந்து துண்டை நீட்டினார். அந்தத் துண்டால் துடைத்துத் துடைத்துத்தான் ஓரம் கட்டுகிற அளவுக்கு இடம் இருந்த ஒரு திருப்பத்துக்கு வந்து சேர்ந்தோம்.

வண்டி ஓட்டத் தெரியாதவன் இல்லை அவன். காரின் வசதிகளைப் படிக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தது அவன் தப்பு என்று அன்று நானும்தான் திட்டினேன். பிறகு யோசித்தபோது பாதித் தப்பு அந்தக் காரை வடிவமைத்தவர்களுடையது என்று பட்டது. கண் தெரியாமல் போகிற நேரத்தில், கண்ணால் பார்த்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடிகிற ஒரு பட்டனை வைப்பது என்ன நியாயம்?

44.9 விநாடி

இதை ஸ்வீடனில் அளந்தே பார்த்துவிட்டார்கள். அங்குள்ள 'வி பிலேகரே' என்ற கார் பத்திரிகை 2022-ல் 11 புதிய கார்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 2005-ம் ஆண்டு வால்வோ வி70 ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு விமான ஓடுதளத்துக்குப் போனது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சின்ன வேலைகளைச் செய்ய வேண்டும். சீட் ஹீட்டரைப் போடுவது, வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டுவது, கண்ணாடி ஆவியைப் போக்குவது, ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைப்பது, நடுத் திரையை அணைப்பது. எல்லாம் நாம் தினமும் செய்பவைதான். ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு காரையும் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்திருந்தார்கள்.

பட்டன்கள் நிறைந்த 17 வயது வால்வோவில் எல்லா வேலையும் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வல் ஆர் காரில் 44.9 விநாடி ஆனது. தூரம் 1,372 மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்! டெஸ்லா மாடல் 3-க்கு 23.5 விநாடி. குறைந்த விலைக் காரான டேசியா சாண்டெரோ 13.5 விநாடியில் முடித்துவிட்டது. விலை கூடினால் வசதி கூடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு ஓர் அளவு சொல்கிறது. ஓட்டும்போது செய்கிற எந்த வேலைக்கும் ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது, மொத்தமாக 12 விநாடியைத் தாண்டக் கூடாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்பது 44 மீட்டர். நம்ம ஊர் ரோட்டில் அந்த 44 மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு சைக்கிள், எதிர்த்திசையில் வரும் ஒரு பைக் எல்லாம் இருக்கும்.

ஆவி இரண்டு வகை

கண்ணாடி ஆவியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம், இது நம் மாநிலத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு விதமாக வரும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெளியே குளிர், கண்ணாடியும் குளிர். உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறோம். மழையில் நனைந்த துணி வேறு. அந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, உள்பக்கம் ஆவியாகப் படிகிறது. இதற்கு ஏசியை அணைக்கக் கூடாது, போட வேண்டும். ஏசியின் வேலை குளிர வைப்பது மட்டுமில்லை. காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து, நாம் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகப் பார்க்கிற தண்ணீராக வெளியே தள்ளுவதும் அதுதான். குளிர்ந்தால் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளலாம். ஏசி ஓட வேண்டும், காற்று முன்கண்ணாடியை நோக்கிப் போக வேண்டும், உள்காற்றையே சுற்றவிடும் வளைந்த அம்புக்குறி பட்டன் அணைந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். அன்று பர்லியாரில் நாங்கள் ஏசியை அணைத்தோம், அம்புக்குறியை அப்படியே விட்டிருந்தோம். இரண்டும் தப்பு.

சென்னையில் மழை விட்ட ராத்திரி கதையே வேறு. வெளியே புழுக்கம், உள்ளே 20 டிகிரியில் ஏசி. அந்தச் சில்லென்ற காற்று முன்கண்ணாடியில் பட்டு அதைக் குளிர வைக்கிறது. ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிற மாதிரி, கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. இப்போது பதறிப்போய் முன்கண்ணாடிக்குக் காற்று விடும் பட்டனை அழுத்தினால் இன்னும் மோசமாகும். வைப்பரை ஒரு தடவை ஓட்டி, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு விரலால் உள்ளே தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்பக்கம்.

ஆக, விரலால் தேய்த்து, எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும். இதை எல்லாம் வண்டி ஓடும்போது செய்ய வேண்டியிருக்கிறது. பழைய காரில் மூன்று திருகுகள் இருந்தன. இடது திருகு, நடுத் திருகு, வலது திருகு. ஒரு வாரம் ஓட்டினால் கைக்கே தெரிந்துவிடும். கண்ணை ரோட்டில் இருந்து எடுக்கத் தேவையே இல்லை. வழவழப்பான கண்ணாடிப் பரப்பில் கைக்கு என்ன தெரியும்?

வெளிச்சமான மீட்டர், இருட்டான கார்

ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிற டிஜிட்டல் மீட்டருக்கு வருவோம். அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஷோரூமில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அளவிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ராத்திரியில் அவ்வளவு வெளிச்சம் முகத்துக்கு நேரே இருந்தால், இருட்டுக்குப் பழகிய கண் அதை இழந்துவிடும். ரோட்டோரம் விளக்கில்லாமல் நிற்கிற லாரி தெரிய வேண்டிய கண் அது.

இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் ஹெட்லைட் போட்டால்தான் மீட்டர் எரியும். மீட்டர் தெரியவில்லை என்றால் விளக்குப் போடவில்லை என்று உடனே புரிந்துவிடும். இப்போது மீட்டர் எப்போதும் எரிகிறது. நல்ல தெருவிளக்கு உள்ள ஊருக்குள் ஹெட்லைட் போடாமலே ஓட்டி, அப்படியே பைபாஸில் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்விளக்கும் எரியாது. ஹெட்லைட் திருகில் 'ஆட்டோ' இருந்தால் அதிலேயே விட்டுவிடுவது நல்லது. டூ வீலர்களுக்கு 2017 ஏப்ரல் முதல் முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கார்களுக்கு அந்த மாதிரி இல்லை.

வென்டிலேட்டட் சீட் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதில் இருப்பது ஃபேன் மட்டும்தான், தனி ஏசி இல்லை. கார் கொதித்துக்கொண்டிருந்தால் சூடான காற்றைத்தான் அதுவும் சுற்றவிடும்.

மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள்

டச் ஸ்கிரீனை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. ரிவர்ஸ் கேமரா, மேப் இரண்டுக்கும் பெரிய திரைதான் சரி. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் ஆனபோது, எப்படியும் ஒரு திரை வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. வைத்த திரைக்குள்ளேயே மற்ற பட்டன்களையும் தள்ளிவிட்டால் அச்சு மிச்சம், ஒயர் மிச்சம், பார்க்கவும் நவீனமாக இருக்கும். வாங்குகிற நாமும் திரை எத்தனை இன்ச் என்றுதானே கேட்கிறோம்?

ஆனால் விலை கொடுத்துப் பாடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலைச் செலுத்தும் டச் ஸ்கிரீன் அமைப்பின் குழப்பமும் ஒரு காரணம் என்று விசாரணையில் வந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடித்துத் தள்ளும் பழைய லீவரையே திரும்பக் கொண்டுவருவதாக 2019-ல் அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

ஜெர்மனியில் மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் 2020-ல் அதை உறுதி செய்தது. காரோடு பொருத்தப்பட்ட திரையும் செல்போன் மாதிரி ஒரு மின்னணுக் கருவிதான் என்பது தீர்ப்பு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு கையில் பிடித்துப் பேசும் கருவியைத்தான் சொல்கிறது. டேஷ்போர்டில் இருக்கிற 12 இன்ச் திரை அதில் வராது.

ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திர மதிப்பீடு தருகிற யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் நிஜப் பட்டனோ லீவரோ இருக்க வேண்டும் என்று 2024-ல் அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன் முக்கியமான வசதிகளுக்குப் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது.

அந்த ஐந்தில் கண்ணாடி ஆவியைப் போக்கும் பட்டன் இல்லை என்பது என் குறை. நம்முடைய பாரத் என்கேப் 2023-ல் தொடங்கியது. மோதினால் உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு தப்பிப்பார்கள் என்பதை அது நன்றாகவே அளக்கிறது. மோதாமல் இருக்க ஓட்டுநரின் கண் ரோட்டில் இருக்கிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஐந்தோடு முன்கண்ணாடி ஆவி, ஃபேன் வேகம், மீட்டர் வெளிச்சம் மூன்றையும் சேர்த்து எட்டாக்கினால் நம் மழைக்கும் மலைக்கும் பொருந்தும். "வாய்ஸ் கமாண்ட் இருக்கே" என்பார்கள். அன்று அந்தக் காரிலும் இருந்தது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தால் அது யார் பேச்சைக் கேட்கும்?

விதி வரும்வரை, கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு முன் ஐந்து நிமிடம் ஷோரூமிலேயே ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், கையால் மட்டும் தேடி நாலு வேலை செய்யுங்கள்: ஏசியைக் கூட்டுவது, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவது, ஹசார்ட் போடுவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைப்பது. எத்தனை தேறுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதையே வீட்டு வாசலில், வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்து பழகலாம். ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருந்தால் அதற்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்க முடிகிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

அக்கா மகன் குன்னூரில் டீ குடிக்க நிறுத்தியபோது அந்தப் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டான். ஏசி பக்கத்தை இடதுபக்கமாகத் தள்ளினால் வருகிற இரண்டாவது பக்கத்தில் இருந்தது. துண்டு இப்போதும் முன்சீட்டிலேயேதான் கிடக்கிறது.