சூரியன் எங்கேயும் போகாது தம்பிமாரே, வெள்ளம் வடிந்துவிடும்



நம்ம ஊர்ப் பொடியன்மார் பலரிடம் இப்போது கிம்பல் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய், போனைப் பூட்டி வைத்து, சூரியன் கடலில் இறங்குவதை டைம்லாப்ஸ் எடுக்கிறார்கள். மஹ்ரிபுக்கு அதான் சொல்லும்போது படமும் முடிந்துவிடும். இரவில் அது கஸீதாவோடு நம் எல்லோர் போனுக்கும் வந்து சேரும். சில பெரியவர்கள் இதை வேலையற்ற வேலை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே இடத்தில் ஒரு மணித்தியாலம் பொறுமையாக நிற்கப் பழகிய பிள்ளைகள் இவர்கள். வகுப்பில் 40 நிமிடம் அவர்களை இருக்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

என் குறை வேறு. எல்லோரும் ஒரே சூரியனையே எடுக்கிறார்கள். மாரியில் நம்ம ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் எடுப்பவர் மிகக் குறைவு.

2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 விசிறிகள், 103.5 மெகாவாட். அதற்காகப் போட்ட பாதைகள் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியை மறிக்கின்றன என்று தீவு மக்கள் சொல்லி வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் மன்னாரில் தொடங்கிய போராட்டத்திலும் இது பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் போய் "முந்தி இப்படித் தண்ணி நிற்கிறதில்லை" என்று சொன்னால், "முந்தி எப்படி நின்றது? காட்டுங்கள்" என்பார்கள். காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

1990 ஒக்டோபர் கடைசியில் இந்தத் தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனபோது கல்யாண அல்பத்தைக்கூடப் பலரால் எடுத்துப்போக முடியவில்லை. அதற்கு முந்திய ஊர் எப்படி இருந்தது, எந்தத் தரவையில் தண்ணீர் தங்கியது, எந்த வாய்க்காலால் ஓடியது என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கூகுள் ஏர்த்தில் டைம்லாப்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1984 முதல் செய்மதிகள் எடுத்த படங்களை வருடவாரியாக ஓட்டிக் காட்டும். நம்ம தீவையும் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் அதன் பழைய படங்களில் ஒரு புள்ளியே 30 மீற்றர் நிலம். நம்ம ஒழுங்கை அதில் தெரியாது. அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

ஜேம்ஸ் பேலொக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா பக்கம் பனிப்பாறைகளுக்கு எதிரே கமராக்களை அசையாமல் பூட்டி, விட்டு விட்டு வருடக்கணக்கில் எடுத்தார். பனி பின்வாங்குவதை உலகம் கண்ணால் கண்டது அப்படித்தான். அவருடைய கமரா ஆடவில்லை, திரும்பவில்லை. விஷயம் அதில்தான் இருக்கிறது.

கிம்பல் இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பி எடுக்கும் படம் அழகுதான். ஆனால் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அதில் அளக்க முடியாது. மோட்டர் ஓடும்போது படம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் சாத்தியமும் உண்டு. மழையில் நனைந்தால் பல கிம்பல்கள் அதோடு சரி. ஆகவே வெள்ளத்துக்கு முக்காலி போதும். அதுவும் இல்லாவிட்டால் விறாந்தைத் தூணில் போனை இறுக்கிக் கட்டுங்கள். எதிர் மதிலில் அடிக்கணக்கில் கோடு கீறி, அந்தக் கோடு படத்தில் தெரியும்படி வையுங்கள். காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 720 படம். செக்கனுக்கு 30 படமாக ஓட்டினால் 24 செக்கன். எந்த அதிகாரியும் 24 செக்கன் பார்ப்பார். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதன் டைம்லாப்ஸ், நேரம் கூடக் கூட இடைவெளியைத் தானாகவே கூட்டிவிடும். இடைவெளியை நாமே வைக்கக்கூடிய அப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள்.

அப்போ கிம்பல் வீணா? இல்லை. மாதம் ஒரு தடவை, அதே ஒழுங்கையில், அதே முனையிலிருந்து அதே முனைக்கு நடந்து எடுங்கள். கை ஆட்டத்தைக் கிம்பல் பார்த்துக்கொள்ளும். ஒரு வருடத்தில் 12 நடை சேரும். எந்த மதில் புதிதாக எழும்பியது, எந்தப் பள்ளம் நிரவப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும்.

இது சிலருக்குக் கசக்கும். படம் காற்றாலைப் பாதையை மட்டும் காட்டாது. நாமே மண் போட்டு நிரப்பிய வாய்க்காலையும், ஒழுங்கைக்குள் தள்ளிக் கட்டிய மதிலையும் காட்டும். அதை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினால் அது சாட்சி அல்ல, பாதிப் பொய். எடுத்தால் முழுதாக எடுப்போம்.

இன்னொன்று: பெண்கள் நடமாடும் முற்றத்தைப் பார்க்கப் போனை வைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே வையுங்கள். பாட்டுப் போட்டது முகநூலுக்கு இருக்கட்டும். மூலப் படத்தைத் திகதியோடு தனியே சேமியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிவிடும், அதை மூலம் என்று நம்பாதீர்கள்.

முதல் மழைக்கு முந்தியே மதிலில் கோட்டைக் கீறிவிடுங்கள். எந்த ஒழுங்கையை யார் எடுப்பது என்று கீழே எழுதுங்கள். ஒரே இடத்தில் நாலு பேர் நிற்கத் தேவையில்லை. பழைய வாய்க்கால் ஓடிய இடம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.