கதவும் காதும்

தோழனே!

கட்டுப்பாடற்ற கட்சி கரையற்ற ஆறு. ஊருக்கும் உதவாது, உழவுக்கும் உதவாது. வரம்பு மீறுவோரை விலக்கும் உரிமை எந்த இயக்கத்துக்கும் உண்டு. மறுப்பாரில்லை. ஆனால், விலக்கப்பட்டவன், "என் குற்றம் யாது?" என்று கேட்கிறான். "அவன் சொல்லையும் கேளுங்கள்" என்று நால்வர் குரல் கொடுக்கின்றனர். அந்தக் குரலே குற்றமாகிவிடுமோ?

பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் வரலாற்றைப் புரட்டிப் பார். 1939 சனவரித் திங்கள். பிற கட்சியினருடன் கைகோத்து ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்று வாதாடிய ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் நீக்கப்பட்டார். ஆம், 1942-இல் இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ்தான்! அவருடைய இயக்கத்தைக் கைவிட மறுத்த அனூரின் பெவனும் மார்ச்சில் நீக்கப்பட்டார்.

எனினும், அன்று ஒரு பண்பு காக்கப்பட்டது. சவுத்போர்ட் மாநாட்டிலே கிரிப்ஸ் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க இடம் கிடைத்தது. மாநாடு கேட்டது, கேட்ட பின்னரே நீக்கத்தை உறுதி செய்தது. தோற்றார், ஆனால், வாய் பூட்டப்பட்டுத் தோற்கவில்லை! அவ்வாண்டு முடிவதற்குள் பெவன் திரும்பினார். 1945-இல் கிரிப்ஸ் திரும்பினார். 1948 சூலை 5-ஆம் நாள், ஏழைக்கும் கட்டணமின்றி மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர் யார்? வெளியே தள்ளப்பட்ட அந்தப் பெவன்தான்! சாத்திய கதவு மீண்டும் திறவாதிருந்தால், இழப்பு யாருக்கு?

இனி, நம் காலத்துக்கு வா. அக்கட்சியில் யூத வெறுப்பு என்னும் நோய் பற்றிப் புகார்கள் எழுந்தன. புகார்கள் பொய்யல்ல. சட்டத்துக்குப் புறம்பான தொல்லைக்கும் பாகுபாட்டுக்கும் கட்சி பொறுப்பு என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் உரைத்தது. புகார்களை விசாரித்த முறையும் பழுதுபட்டது என்றது. இதனிடையே, நீக்கங்களை எதிர்த்து, 'வேட்டைக்கு எதிரான தொழிற்கட்சியினர்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு குழு 2017-இல் தோன்றியிருந்தது. 2021 சூலையில் அக்குழுவையும் வேறு மூன்று அமைப்புகளையும் கட்சியின் செயற்குழு தடை செய்தது. ஆதரித்தாலே நீக்கம்! அடுத்த மாதம் திரைப்பட இயக்குநர் கென் லோச் வெளியேற்றப்பட்டார். முன்னரே நீக்கப்பட்டோரைக் கைவிட மறுத்ததே தம் குற்றம் என்றார் அவர்.

தோழனே! நோயை நீக்குவது மருத்துவம். நோயாளியை நலம் விசாரித்தவனையும் நாடு கடத்துவது மருத்துவமாகுமா? செய்த செயலுக்குத் தண்டனை தரட்டும். சேர்ந்து நின்றமைக்குத் தருவது அச்சத்தின் அடையாளம்.

நீக்கத்தை எதிர்ப்போருக்கும் ஒரு சொல். எல்லாமே வேட்டை என்று கூவினால், உண்மையிலே இழிவுபடுத்தப்பட்டவனின் அழுகை அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோகும். குற்றவாளிக்குக் குடை பிடிக்காதே. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நாவை மறுக்காதே.

எழுத்திலே குற்றச்சாட்டு, விடையளிக்கத் தவணை, சார்பற்றோர் விசாரணை, மேல்முறையீடு — இவை நான்கும் தலைமை வழங்கும் சலுகைகள் அல்ல. கொடி பிடித்த கைகளின் உரிமைகள். இன்று அவனுக்கு மறுக்கப்படுவது நாளை உனக்கும் மறுக்கப்படும். கதவை மூடும் கை கட்சிக்கு வேண்டும். அதற்கு முன் கேட்கும் காது வேண்டும்!