பாட்டி வீட்டைப் பார்க்க முட்டுக்காடு போகலாம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி ராணுவத் தொழிற்சாலைகள் என்று வேலை தேடி வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்கள் ஏராளம். நெல்லை, தஞ்சை, காரைக்குடி, கேரளா, ஆந்திரா என ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருந்தது. ஊரில் ஒரு வீடும் இருந்தது. அடுத்த தலைமுறை கோடை லீவுக்கு அங்கே போனது. ஃப்ளாட்டில் பிறந்த பேரப் பிள்ளைகளுக்கோ திண்ணை, முற்றம், ரேழி எல்லாம் சினிமாவில் கேட்ட சொற்கள். பல குடும்பங்களில் ஊர் வீடே கைமாறிவிட்டது.

அப்படிப்பட்ட வீடுகளை நிஜமாகவே காட்டும் இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள 'தட்சிணசித்ரா'. 1984-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அமைப்பு, 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. நிறுவனர் டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளானவர். செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் தனித்தனியே விலைபோனதைப் பார்த்ததுதான் இந்த முயற்சிக்கு விதை.

திறந்தவெளியில் வீடுகளையே காட்சிக்கு வைப்பது புதிய யோசனை அல்ல. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சென்' 1891-லேயே திறக்கப்பட்டது. முட்டுக்காட்டில் சுமார் 10 ஏக்கரில் தென் மாநிலங்களின் வீடுகள் இருக்கின்றன. லாரி பேக்கர், பென்னி குரியகோஸ் ஆகிய கட்டடக் கலைஞர்களின் பங்களிப்பு இதில் உண்டு.

செட் போட்டதா?

இல்லை. அசல் வீடுகளை விலைக்கு வாங்கி, கதவு, தூண், உத்தரம் என்று பிரித்து, லாரியில் ஏற்றிவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

தவறவிடக் கூடாத 4 வீடுகள்

* செட்டிநாட்டு வணிகர் வீடு: முகப்புக் கதவின் மர வேலைப்பாட்டை நின்று பாருங்கள். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த பணம், பர்மா தேக்காக ஊர் திரும்பிய காலம் அது.

* ஆம்பூர் அக்ரஹார வீடு: இது பிரியாணி ஆம்பூர் அல்ல, நெல்லைச் சீமையின் ஆம்பூர். அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான் வரவேண்டும்.

* புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடு: கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த மர வீடு. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது நெற்களஞ்சியம். எது செல்வம் என்று வீடே சொல்லிவிடுகிறது.

* வட ஆந்திரக் கடற்கரை வட்ட வீடு: மண் சுவர், தாழ இறங்கும் ஓலைக் கூரை. மூலை இல்லாத சுவரைப் புயல் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும்.

இவை தவிர, நெசவாளர் வீடுகளையும் பாருங்கள். அங்கே வீடுதான் பட்டறை. தறிக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் மனிதர்களுக்கு இடம். மண்பாண்டம், கூடை முடைதல் போன்ற கைவினைகளைக் குழந்தைகள் செய்தும் பார்க்கலாம். சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

தாத்தா பாட்டி கட்டாயம்!

வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடலாம். அதில் வாழ்ந்த விதத்தை ஏற்ற முடியாது. அம்மி எந்த மூலையில் கிடந்தது, மழை நாளில் முற்றத்து நெல்லை யார் ஓடிப்போய் அள்ளினார்கள், பிள்ளை பெற்றவளுக்கு எந்த அறை, திண்ணையில் யார் படுத்தார்கள், யாரை அதற்கு மேல் உள்ளே விடவில்லை... இதையெல்லாம் சொல்ல, அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்தான் வேண்டும். அந்த வயதுக்காரர்கள் இன்னும் நம் வீட்டில் இருக்கிறார்கள். அதனால் 'வெயிலில் அவங்களுக்கு எதுக்கு அலைச்சல்' என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களே கைடு. பேசும்போது செல்போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிடுங்கள்.

ஊர் வீடு இன்னும் நிற்கிறதா? விற்பதற்கோ இடிப்பதற்கோ முன்பு ஒருநாள் ஒதுக்குங்கள். ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுங்கள், பெரியவர்களிடம் கேட்டு அதன் பெயரை எழுதுங்கள், தரைப்படம் ஒன்று வரையுங்கள். எல்லா வீட்டையும் மியூசியத்துக்குக் கொண்டுபோக முடியாது. இதை எல்லோராலும் செய்ய முடியும்.

எப்படிப் போவது?

*ரயிலில்:* ஆவடி, அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் செல்லும் பஸ்.

*காரில்:* பூந்தமல்லிக்காரர்கள் வெளிவட்டச் சாலையில் வண்டலூர் சென்று, கேளம்பாக்கம், கோவளம் வழியாக முட்டுக்காடு வரலாம்.

*நேரம்:* காலை 10 முதல் மாலை 6 வரை. செவ்வாய் விடுமுறை. நடை அதிகம். பெரியவர்களோடு போனால் 10 மணிக்கே உள்ளே நுழைந்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம்.