களப்பு மட்டியும் இறாற் பண்ணையும்

கிழக்குக் கரையில் இறால் வளர்ப்பைப் பெருக்கவேண்டும் என்னும் பேச்சு இடையிடையே எழுகின்றது. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் அம்பாறைக் கரையோரத்து இளைஞர்க்குத் தொழில் வேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஆதலின் இறால் வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், இறாலுக்கு எதனை இரையாக இடுவது, அது எங்கிருந்து வரும் என்று ஆராயாமல் குளம் வெட்டப் புறப்படுவது விவேகமன்று.

பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகின்றது. அச்செலவைக் குறைப்பதற்காக, களப்பிலும் கடலோரத்திலும் எடுக்கும் மட்டியையும் சிப்பியையும் துணைத் தீவனமாக இடும் வழக்கம் ஆசிய நாடுகள் பலவற்றில் உண்டு. மட்டித் தசை புரதம் மிக்கது. அதன் மணம் இறாலை ஈர்க்கும். இறாலின் வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பமிலங்களும் அதில் உள. இந்நன்மைகளை எவரும் மறுக்க முடியாது.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மட்டித் தசையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீரே. ஒரு கிலோ உலர்தீவனத்துக்கு ஈடுசெய்ய நான்கு கிலோவுக்கு மேற்பட்ட தசை வேண்டும்; ஓட்டோடு நிறுத்தால் அது பன்மடங்காகும். அத்தனையும் எங்கிருந்து வரும்? ஏழைக் குடும்பங்கள் மட்டி பொறுக்கும் அதே களப்பிலிருந்துதான்!

மேலும், மட்டி நீரை வடித்து உண்ணும் பிராணி. நீரிலுள்ள கிருமிகள் அதன் உடலிலே சேரும். பச்சையாக இட்டால் நோயும் உடன் புகக்கூடும். எஞ்சியது அழுகிக் குளத்து நீரைக் கெடுக்கும். 1996இல் புத்தளக் கரைப் பண்ணைகளை வெண்புள்ளி நோய் சூறையாடியது. அந்நோய் மட்டியால் வந்ததென்று நாம் கூறவில்லை. நோய் புகுந்தபின் மீள்வது அரிது என்பதே பாடம்.

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டப்படி இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டம் இதற்கெனத் தனி அதிகாரசபையையே அமைத்தது. அயல்நாட்டிலோ, தமிழகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலங்களையும் கண்டற் காடுகளையும் இறாற் குளங்களாக மாற்றலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கேடு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியையும் அது வலியுறுத்தியது. நமது உழவர் இத்தீர்ப்பை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உவரேறிய வயல் எளிதில் மீளாது.

ஆகவே நாம் கேட்பது இது: களப்பிலுள்ள மட்டியின் அளவை ஆராய்ந்தறியாமல் அதனைத் தீவனத்துக்கு அள்ள அனுமதியளிக்கலாகாது. இனப்பெருக்கக் காலத்தில் அள்ளுவதும், முற்றாத மட்டியை எடுப்பதும் தடுக்கப்படல் வேண்டும். பண்ணைக் குளத்தில் பச்சை மட்டி இடுவதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே விலக்குதல் வேண்டும். மட்டி பொறுக்குவோரும் கடற்றொழிலாளரும் உழவரும் தம் கருத்தைக் கூறிய பின்னரே எந்தப் பண்ணைக்கும் அனுமதி வழங்குதல் வேண்டும்.

களப்பு எந்த ஒரு முதலாளியின் சொத்துமன்று. தமிழரும் முஸ்லிம்களுமாகிய தமிழ் பேசும் மக்கள் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. அதனைக் காக்கும் பொறுப்பில் இரு சாராரும் ஒரே குரலில் பேசுவார்களாக!