சத்தத்தை அடக்கச் சொல்லாதீங்க, தேடச் சொல்லுங்க

மூணு மாசத்துக்கு முன்னாடி என் ஸ்ப்ளெண்டர்ல ஒரு சத்தம் வர ஆரம்பிச்சது. டிக் டிக் டிக்னு, தையல் மிஷின் ஓடுற மாதிரி. விடியக்காலையில பால் கேனை மாட்டிக்கிட்டு உதைச்சு ஸ்டார்ட் பண்ணினா நல்லா கேட்கும். சொசைட்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி குறைஞ்சிடும். வண்டி சூடாயிடுச்சுன்னா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனா தொப்பூர் போயிட்டு கணவாய் ஏத்தத்துல நல்லம்பள்ளிக்குத் திரும்பும்போது ஆக்சிலேட்டரைத் திருகினா மறுபடியும் தலைகாட்டும்.

வண்டி 2004 மாடல். மீட்டர் எப்பவோ நின்னுபோச்சு, அதனால எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேட்காதீங்க.

டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அரை நிமிஷம் கேட்டுட்டு, "டேப்பட் சத்தம்ணா" என்றார் அந்தத் தம்பி. டைட் வெச்சார். 150 ரூபாய். மறுநாள் காலையில அதே டிக் டிக். திரும்பப் போனேன். இன்னும் கொஞ்சம் டைட் வெச்சார். இன்னொரு 150. சத்தம் போகலை. அதோட ஐட்லிங்ல வண்டி அணைஞ்சு போக ஆரம்பிச்சது, கணவாய் ஏத்தத்துல இழுவையும் குறைஞ்சது. மூணாவது தடவை போனப்ப, "போர் வேலை வந்திருக்கும்ணா, இன்ஜினை இறக்கிடலாம், எட்டாயிரம் ஆகும்" என்றார். எட்டாயிரம்னா எனக்கு ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாத்து வாங்குற காசு. என் பையன், "எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிவிடுப்பா" என்று சொல்லிட்டான்.

அந்தக் கடைக்காரத் தம்பியைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. நான் அவர்கிட்ட என்ன கேட்டேன்? "சத்தம் வரக்கூடாது தம்பி." அவ்வளவுதான். எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுன்னு நான் கேட்கவே இல்லையே.

டேப்பட்டை டைட் வெச்சா என்ன ஆகும்னு நிறைய பேருக்குத் தெரியாது. இன்ஜின் ஹெட்ல ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு பெட்ரோல் கலந்த காத்தை உள்ளே விடும், இன்னொண்ணு எரிஞ்ச புகையை வெளியே விடும். வால்வை அமுக்குற கைக்கும் வால்வு நுனிக்கும் நடுவுல ஒரு தாள் கனம்கூட இல்லாத இடைவெளி விட்டிருப்பாங்க. சூட்டுல வால்வு நீளும், அதுக்கான இடம் அது. அந்த இடைவெளியாலதான் டேப்பட் லேசா சத்தம் போடும், போடவும் வேணும். இடைவெளியே இல்லாம இறுக்கிட்டா வால்வு முழுசா மூடாது. மூடி உட்கார்ந்தாத்தான் வால்வோட சூடு ஹெட்டுக்கு இறங்கும். உட்காரலைன்னா நெருப்பு அந்தச் சந்து வழியா பீறிட்டு விளிம்பையே தின்னுடும். சத்தம் இருக்காது, வண்டி அமைதியா ஓடும், உள்ளே வால்வு வெந்துக்கிட்டு இருக்கும். என் வண்டி இழுவை குறைஞ்சதும் ஐட்லிங்ல அணைஞ்சதும் அதோட ஆரம்பம்.

கடைசியில சந்தைக்குப் போற வழியில புளியமரத்தடியில கடை போட்டிருக்கிற பெரியவர்கிட்ட போனேன். ஆயில் இன்ஜின் காலத்துல இருந்து ஸ்பேனர் பிடிச்சவர். கடைன்னு சொல்ல ஒரு தகரப் பெட்டியும் ஒரு பலகையும்தான்.

அவர் ஸ்பேனரையே எடுக்கலை, கேள்வியா கேட்டார். காலையில அதிகமா, சாயங்காலமா? சூடானதும் குறையுதா, கூடுதா? நின்ன இடத்துல நியூட்ரல்ல முறுக்கினா வருதா? (வந்தா சக்கரமும் செயினும் தப்பிச்சது.) கிளட்ச் பிடிச்சா மாறுதா? (மாறினா கிளட்ச் பக்கம் பார்க்கணும்.) ஏத்தத்துல கூடுதா? எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்தது. அதுவரைக்கும் யாரும் கேட்கலை.

அப்புறம் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நுனியை இன்ஜின்ல வெச்சு, கைப்பிடியைக் காதுல ஒட்டினார். க்ராங்க் கேஸ், கிளட்ச் மூடி, டைமிங் செயின் ஓடுற பக்கம், கடைசியா ஹெட். 1816ல பாரிஸ்ல லேன்னக்னு ஒரு டாக்டர், நோயாளி நெஞ்சுல காகிதத்தைச் சுருட்டி வெச்சுக் கேட்டாராம். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். பெரியவருக்கு லேன்னக்கைத் தெரியாது. ஆனா செய்யிறது அதே வேலை.

ஹெட்டுக்கு வந்ததும் நின்னார். "உள்ளே இல்லப்பா, வெளியே" என்றார். ஒரு பழைய துணியை மடிச்சு சைலன்சர் வாயை ஒரு நொடி அடைச்சார். டிக் டிக் சத்தம் 'புஸ் புஸ்'னு பெருசாச்சு. குனிஞ்சு பார்த்தா, சைலன்சர் பைப் ஹெட்ல சேர்ற இடத்துல கரி படிஞ்சிருக்கு. பேக்கிங் போயிருக்கு. அந்தச் சந்துல புகை அடிச்சுக்கிட்டு வெளியே வர்ற சத்தம்தான் அது. இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா டேப்பட் ஒரு தடவை தட்டும், புகையும் ஒரு தடவைதான் வெளியே வரும். தாளம் ஒண்ணு, அதனால காது ஏமாறும். சூடானா இரும்பு விரிஞ்சு சந்து அடைபடும், சத்தம் குறையும். ஏத்தத்துல இன்ஜினுக்குப் பாரம் கூடினா புகை அழுத்தமும் கூடும், சத்தமும் வரும்.

இதுல வெட்கப்பட வேண்டியவன் நான்தான். பொங்கல் சமயத்துல சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்ததுன்னு நானே கழட்டி வெல்டிங் வெச்சு, பழைய பேக்கிங்கையே போட்டு மாட்டினேன்.

புது பேக்கிங் முப்பது ரூபாய். இன்ஜின் ஆறினதும் டேப்பட்டைப் பழையபடி இடைவெளி விட்டு வெச்சதுக்கு நூறு. மொத்தம் 130. இருநூறு குடுத்தேன், எழுபதைத் திருப்பிக் குடுத்துட்டார். கேள்வி கேட்டு, காது வெச்சுத் தேடின அரை மணி நேரத்துக்கு எதுவும் வாங்கலை. தப்பா ரெண்டு தடவை இறுக்கினதுக்கு நான் குடுத்தது 300.

எனக்கு உறுத்துறது இதுதான். கழட்டி மாட்டினா காசு குடுக்கிறோம், புது பார்ட்ஸ் போட்டா காசு குடுக்கிறோம். உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடிக்கிறதுக்கு யாரும் குடுக்கிறதில்லை. கேட்டா, "ஒரு பேக்கிங் மாத்தினதுக்கா இவ்வளவு?" என்கிறோம். அப்புறம் எந்த மெக்கானிக் காது கொடுத்துக் கேட்பான்? நேரா இன்ஜினைப் பிரிக்கத்தான் செய்வான். பெரியவரோட பையன் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். நியாயம்தான், புளியமரத்தடியில 130 ரூபாய்க்கு யார் உட்காருவா?

எங்களுக்கெல்லாம் இந்தக் காது ஒரு காலத்துல தானா வந்தது. ராத்திரி படுக்கையில இருந்தே கிணத்துல தண்ணி வத்திடுச்சுன்னு தெரியும், ஆயில் இன்ஜின் சத்தம் லேசாயிடும். கரண்டு மோட்டார்ல ஒரு பேஸ் போனா உறுமும். ஓடிப்போய் நிறுத்தலைன்னா காயில் எரிஞ்சிடும். நீங்க டவுன்ல இருக்கீங்க, அதுக்கு வாய்ப்பில்லைன்னு சொல்லலாம். உங்க வண்டி உங்களோடதானே தினமும் ஓடுது? ஒரு வாரம் கவனிச்சு எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு போன்ல குறிச்சுக்கிட்டுப் போங்க. "ஏதோ சத்தம்"னு போய் நிக்காதீங்க.

எல்லாச் சத்தத்துக்கும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லலை. அடியிலிருந்து டொக் டொக்னு கனமா, சுத்தியல் அடி மாதிரி வந்தா, அது கனெக்டிங் ராட் பக்கம் தேஞ்சதா இருக்கலாம். அங்கேயே நிறுத்திட்டு தள்ளிக்கிட்டுப் போங்க. ஓட்டினா இன்ஜின் உடையும்.

2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததுக்கு அப்புறம் புது வண்டிகள்ல கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறாங்க. நல்லதுதான், சென்சார் கோளாறை ஸ்க்ரூ டிரைவர் சொல்லாது. ஆனா தளர்ந்த போல்ட்டையும் இறுகின டேப்பட்டையும் அந்த ஸ்கேனரும் சொல்றதில்லை.

என் வண்டி இப்ப நல்லா இழுக்குது. வால்வு தப்பிச்சது. போன செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி சந்தைக்கு ஆடு வாங்கப் போறப்ப பின்னாடி உட்கார்ந்திருந்த மச்சினன், "லேசா டேப்பட் சத்தம் வருதே மாமா, டைட் வெச்சுக்கலாம்ல?" என்றான். சந்தைக் கூட்டத்துல நின்னு விளக்க முடியுமா? முதல்ல ஆட்டைப் பிடிடான்னு சொல்லிட்டேன்.