கோப்புக்குப் பாடம் நடத்தும் கொடுமை

ஆயர் ஈத்தாம் வழியே பயணம் செய்வோர் அவ்வூரை மட்பாண்டக் கடைகளால் அறிவர். சூளையில் வெந்து வெளிவந்த சாடியே அங்குத் தொழிலாளியின் திறமைக்குச் சான்று. மண்ணைப் பிசைந்தபோது எடுத்த நிழற்படத்தை வாங்குவோர் எவரும் கேட்பதில்லை. அவ்வட்டாரத்திலும் நாட்டின் பிற பகுதிகளிலும் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ ஒவ்வொரு பிசைதலுக்கும் சான்று கேட்கப்படுகிறது. சான்று திரட்டும் பொழுதில் கற்பித்தல் என்னவாயிற்று என்று மட்டும் கேட்பாரில்லை.

"அரைநாள் வேலை, ஆண்டில் பல வாரம் விடுமுறை, இதில் என்ன மன உளைச்சல்?" என ஏளனம் செய்வோர் இன்றும் உளர். அவர்கள் 2011ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் தொடங்கப்பட்ட பள்ளிசார் மதிப்பீட்டின் வரலாற்றை அறியாதவர்கள். மாணவர்தம் அடைவுகளை இணையத்தில் பதியுமாறு ஆணை வந்தது. அத்தனை ஆசிரியர்களையும் தாங்கும் வலிமை கணினி அமைப்புக்கு இல்லை. நெரிசல் குறையும் நள்ளிரவுக்காக விழித்திருந்து பதிந்தவர்கள் எத்தனையோ பேர்! 2014இல் ஆசிரியர்களின் எதிர்ப்புக் குரல் ஓங்கிய பின்னரே அமைச்சு அம்முறையைத் திருத்தியது. பழுது கருவியில், தண்டனை ஆசிரியருக்கு. இதற்கு நிருவாகம் என்று பெயர்!

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால், ஒரு தேர்வு போன இடத்தில் ஆண்டு முழுவதும் பதிவுகள் வந்து அமர்ந்தன. வருகைப் பதிவு, நாள் பாடத்திட்டம், புறப்பாட மதிப்பீடு, அடைவுநிலை, பயிற்சி நேரக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாயில். இணையத்தில் ஏற்றியதையே அச்சிட்டுக் கோப்பிலும் வைக்கச் சொல்லும் தலைமையாசிரியரும், இரவு பத்து மணிக்குப் புலனத்தில் 'உடனடித் தேவை' என அறிவிக்கும் அதிகாரியும் இல்லாத மாவட்டம் உண்டோ?

இச்சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, 150 மாணவர்களுக்கும் குறைவானவை. பெரிய பள்ளியில் எழுபது எண்பது ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் செயற்குழுக்கள் அனைத்தும் தோட்டப்புறப் பள்ளியிலும் இருந்தாக வேண்டும். அங்கே எட்டுப் பத்துப் பேரே பாடக்குழுத் தலைவர், விளையாட்டுச் செயலாளர், நூலகப் பொறுப்பாளர், பாடநூல் பொறுப்பாளர், கட்டொழுங்கு ஆசிரியர் எல்லாம். ஒருவரே கூட்டத்தைக் கூட்டி, ஒருவரே குறிப்பெழுதும் வேடிக்கையும் நடக்கும். அடுத்த அறையிலோ, வாசிக்கத் திணறும் இரண்டாம் ஆண்டுச் சிறுவன் காத்திருப்பான்.

குற்றம் மேலிடத்தில் மட்டுமன்று. கோப்புக்கு வண்ணத்தாள் ஒட்டி, பட்டுநாடா கட்டி, அதனாலேயே பாராட்டுப் பெறும் ஆசிரியரும் இத்தீமைக்கு உரமிடுகிறார். அவருடைய அழகிய கோப்பே அடுத்த ஆண்டு அனைவருக்கும் கட்டளையாகிறது.

தரவு வேண்டாம் என்பதன்று வாதம். ஒருமுறை தந்த தரவை மறுமுறை கேட்கும் அதிகாரி, முதலில் தந்தது எதற்குப் பயன்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கட்டும். அந்தக் கடிதம் வரும்வரை இரண்டாவது படிவத்தை நிரப்ப மறுப்பதற்கு ஆசிரியர் சங்கங்கள் துணை நிற்கட்டும்.