ரெண்டு இன்ச்தானே?

காஞ்சிபுரத்தில் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வண்டியை ரெண்டு இன்ச் தூக்கி, ஒரு சைஸ் பெரிய டயர் மாட்டிவிட்டால் நம்ம ஊர் ரோட்டுக்குத் தாங்கும், லோடுக்குத் தாங்கும், மழைத் தண்ணீருக்கும் தாங்கும். கெத்தாக இருக்கும் என்பது உபரி. ஒலிமுகமதுபேட்டையில் கேட்டாலும் வெள்ளைகேட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும்: "பெருசா ஒண்ணும் பண்ணலை சார், ரெண்டு இன்ச்தான்." அளவோடு செய்தால் கெடுதல் இல்லை என்பது இவர்கள் கட்சி. அளவோடு செய்தால் பலன்தான் அளவோடு வரும், கெடுதல் முழுசாகவே வந்துவிடும் என்பது என் கட்சி.

முதலில் டயரைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் இன்ச். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு உயரம் ஏறத்தாழ 703 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. முப்பது மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் ஆக்சில் டயரின் மையத்தில் இருக்கிறது. அது உயர்வது அதில் பாதி, பதினைந்தே மில்லிமீட்டர். நாலு டயருக்கும் கொட்டிக் கொடுத்த காசுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். இதற்கு வட்டியாக ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள் 60 காட்டும்போது வண்டி 62, 63-ல் போய்க்கொண்டிருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 96 ஏறும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு, அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு மீட்டரின் கணக்குப் பிசகு என்று யாரும் சொல்வதில்லை. மீதிப் பங்கு உண்மையான வீழ்ச்சி. கியர் பாக்ஸும் கிரௌன் பினியனும் பழைய டயரின் சுற்றளவுக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. சக்கரம் பெரிதானால் லோடோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச்தான் அந்தக் கடனைக் கட்டும்.

அடுத்தது அந்த ரெண்டு இன்ச். பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை ஒன்று வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். முன்னால் டார்ஷன் பாரை முறுக்குவார்கள், அல்லது ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் சொருகுவார்கள். பாடி உயர்ந்துவிடும். ஆனால் வண்டியின் அடியில் தரைக்கு மிக நெருக்கமாகத் தொங்குவது எது என்று குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின் ஆக்சிலின் நடுவே பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். கட்டை வைத்ததால் அது ஒரு நூல்கூட உயராது. அது ஆக்சிலோடு சேர்ந்தது. டயர் உயர்ந்தால்தான் உயரும். ஆக, கல்லில் மோதும் இடம் உயர்ந்தது ஒன்றரை சென்டிமீட்டர். கல்லில் மோதவே மோதாத ஓட்டுநர் இருக்கையும் கூண்டும் உயர்ந்தது ஆறரை சென்டிமீட்டர்.

"வேகத்தடையில் அடி தட்டுதே" என்பார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டிய வேகத்தடையில் எந்தப் பிக்கப்புக்கும் அடி தட்டாது. தட்டுகிறது என்றால் அது யாரோ ஒரு ராத்திரியில் தார் கொட்டிக் குவித்து வைத்த மேடு. அதை இடிக்கச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுக்க வேண்டியவர் பட்டறையில் போய் வண்டியைத் தூக்கச் சொல்கிறார்.

லோடு விஷயத்துக்கு வருவோம், இதில்தான் மூடநம்பிக்கை முற்றியிருக்கிறது. ராஜாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி, கல்யாண மண்டபத்துக்குப் பந்தல் சாமான், கட்டட வேலைக்கு ஜல்லி என்று ஓடுகிற வண்டிகள் இவை. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது. உடனே கட்டை, அல்லது எக்ஸ்ட்ரா பட்டை. பின்பக்கம் நிமிர்ந்துவிடுகிறது, லோடு தாங்குகிறது என்று திருப்தி. உண்மையில் தாங்கியது பட்டை மட்டும்தான். ஆக்சில், வீல் பேரிங், சேசிஸ், பிரேக் எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கின்றன. வண்டி உட்கார்ந்தது "போதும், இதற்கு மேல் ஏற்றாதே" என்று சொல்வதற்காக. அந்த வாயை அடைத்துவிட்டோம். போதாததற்கு, கமர்ஷியல் டயரைக் கழற்றிவிட்டுக் கட்டம் கட்டமாக முரட்டுத்தனமாகத் தெரியும் ஆல் டெரெய்ன் டயர் மாட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதன் பக்கவாட்டில் இருக்கும் லோடு இன்டெக்ஸைப் படிக்கிறார்கள்? பார்க்கப் பெரிதாக இருக்கும் டயர், சின்ன டயரைவிடக் குறைந்த எடைக்குத் தயாரிக்கப்பட்டதாக இருக்கலாம். டயருக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும் செய்து தள்ளுகின்றன. அதில் அச்சடித்திருப்பதைப் படிக்கிற வழக்கம்தான் வரவில்லை.

பிரேக்கில் நடப்பது இன்னும் மோசம். பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து பாடியில் இருக்கும் ஒரு சின்ன வால்வுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். லோடு ஏறினால் பாடி கீழே இறங்கும், ஆக்சிலுக்கும் பாடிக்கும் இடைவெளி குறையும், கம்பி அதை வால்வுக்குத் தெரிவிக்கும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். இந்த ஏற்பாட்டின் நடுவே இரண்டு இன்ச் கட்டையை வைத்தால் என்ன ஆகும்? இடைவெளி எப்போதும் அதிகமாகவே இருக்கும். கூண்டு நிறைய ஜல்லி இருந்தாலும் வால்வுக்கு வண்டி காலிதான். பின் பிரேக் பாதி மனசோடு பிடிக்கும். அந்தக் கம்பியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்த மெக்கானிக் உண்டு. தெரியாமல், யூ போல்ட்டை இறுக்கிவிட்டு "ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுப்பவரும் உண்டு. ஓட்டிப் பார்ப்பது காலி வண்டியில் என்பதால் வித்தியாசம் தெரியாது. அது தெரியவருவது சுங்குவார்சத்திரம் சிக்னலில் முன்னால் பஸ் நிற்கும்போது.

இன்னொரு வாதம் உண்டு, படித்தவர்கள்கூட நம்புவது. உயரமாக உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியுமாம். தூரத்து ரோடு தெரியும், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து ரோடு மறைந்துவிடும். கண்ணும் உயர்கிறது, பானட்டும் அதே அளவு உயர்கிறது. பானட்டுக்கு முன்னால் விழும் மறைப்பு நீளுகிறது. ஒரு வண்டியில் பானட்டின் முன்விளிம்பு 110 செ.மீ. உயரம், ஓட்டுநரின் கண் 160 செ.மீ. உயரம், இரண்டுக்கும் இடையே 190 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. உயரமுள்ள மூன்று வயதுக் குழந்தை வண்டிக்கு முன்னால் 76 செ.மீ. வரைக்கும் நின்றால் தலைகூடத் தெரியாது. வண்டியை ஆறரை சென்டிமீட்டர் தூக்கினால் அந்த மறைவு ஒரு மீட்டராகிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் இதனால் ஒன்றும் பெரிதாக ஆகாது. பிள்ளையார்பாளையத்தில் ஆகும். அந்தத் தெருக்களில் வாசல் என்பது வீட்டின் ஒரு அறை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டி, ஆணும் பெண்ணுமாகக் குனிந்தும் குந்தியும் இழை சரிபார்க்கிற காட்சி இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. திண்ணையிலிருந்து இறங்கினால் தெரு, தெருவில் சைக்கிள், சைக்கிளுக்குப் பின்னால் பிள்ளை. வண்டி திருப்ப இடமில்லாத சந்தில் முன்னும் பின்னுமாக நகர்த்தித்தான் வெளியே வர வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் 2023-ல் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானட்டின் முன்விளிம்பு 40 இன்ச்சுக்கு மேல் இருக்கும் வண்டிகள், 30 இன்ச்சோ அதற்குக் கீழோ இருந்து சரிவாக இறங்கும் வண்டிகளைவிட ஆளைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அகலமான ரோடும் தனி நடைபாதையும் உள்ள நாட்டுக் கணக்கு அது. ஹெட்லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கியவர் விளக்கைக் கீழே சாய்த்துச் சரிசெய்ய மறந்துவிடுகிறார்; எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறவருக்குக் கண் இருட்டிவிடுகிறது. கெத்து வண்டிக்காரருக்கு, செலவு எதிரே வருகிறவருக்கு.

கவிழும் கணக்கு எளிது. இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, கனமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை முக்கியமாக இந்த எண்ணை வைத்துத்தான் கவிழும் அபாயத்தில் வண்டிகளைத் தரம் பிரிக்கிறது. கார்களுக்குப் பெரும்பாலும் 1.3-லிருந்து 1.5 வரை வரும், பிக்கப்புக்கு 1.0-லிருந்து 1.3. சக்கர அகலம் 140 செ.மீ., கனமையம் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் லோடு வண்டி என்றால் சரியாக 1. கனமையத்தை ஆறு சென்டிமீட்டர் ஏற்றினால் 0.92. எண் பார்க்கச் சிறியதுதான். ஆனால் பாதி லோடு ஒரு பக்கம் சரிந்து, பொன்னேரிக்கரை வளைவில் நாய் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் அந்த நொடியில் இந்த எண்தான் பேசும். உயரமும் பெரிய சக்கரமும் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே அதற்கு இலக்கணம் இருக்கிறது, வைகாசியில் காந்தி ரோட்டில் வருகிற வரதர் தேர். அது நடக்கிற வேகத்தில் போகிறது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டையோடு ஆள் கூடவே நடக்கிறார், தெருவே ஒதுங்கி நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் எண்பதில் போகிற வண்டிக்கு எதற்கு அந்த ஆசை?

மழைத் தண்ணீர் வாதத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 2015-லும் 2021 நவம்பரிலும் நாம் பார்த்த வெள்ளத்துக்கு முன்னால் ஆறரை சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். தூக்கிய வண்டி செய்கிற ஒரே காரியம், நின்றிருக்க வேண்டியவரைத் தரைப்பாலத்தில் இறங்க வைப்பது.

பெரிய டயருக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஐஸ்லாந்தில் ஹைலக்ஸ் வண்டிக்கு ஆளுயரத்தில் பாதிக்கு மேல் டயர் போடுகிறார்கள். காற்றைக் கிட்டத்தட்ட முழுதும் இறக்கிவிட்டு, டயர் பரந்து பனியின் மேல் புதையாமல் போவதற்காக. அதற்கேற்பக் கியர் விகிதத்தை மாற்றுகிறார்கள், மாற்றிய வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டுகிறார்கள். குவாரிக்குள்ளேயே கிடக்கிற வண்டிக்கும், காட்டுப் பாதைப் போட்டிக்கு லாரியில் ஏற்றிப் போகிற வண்டிக்கும் வேறு நியாயம் இருக்கலாம். உத்திரமேரூர் ரோட்டில் தக்காளி ஏற்றிப் போகும் வண்டிக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

சட்டம் இதில் மயக்கம் எதையும் விட்டுவைக்கவில்லை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. அதே வருடத்துத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. "ஆர்.சி. புக்கில் டயர் சைஸா எழுதியிருக்கு?" என்று மடக்குகிறவர்கள் 58-ஆம் பிரிவைப் படிக்கலாம். சரக்கு வண்டியைப் பதியும்போது ஒவ்வொரு சக்கரத்தின் டயர் அளவையும் பதிய வேண்டும் என்று 1988-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாடல் சந்தைக்கு வரும்முன் அதன் பிரேக்கையும் விளக்கையும் சோதித்துச் சான்று தர மத்திய அரசின் மையம் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அத்தகைய இடத்தில் பொறியாளர்கள் மாதக்கணக்கில் அளந்து முடிவு செய்ததை, மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டறையில் மாற்றிவிடுகிறோம்.

வண்டிக்காரர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். எஃப்.சி. நெருங்கும்போது கட்டை இறங்கும், வீட்டு மொட்டை மாடியில் கிடந்த பழைய டயர் மாட்டப்படும். முத்திரை விழுந்த மறுநாள் எல்லாம் பழையபடி. பாதுகாப்பானதுதான் என்று மனசார நம்புகிறவர் எதற்காக இந்தப் பாடு படுகிறார்?

அதே பணத்துக்கு நல்ல ஷாக் அப்சார்பர் நாலு மாற்றலாம். தேய்ந்த புஷ்ஷை மாற்றி, தளர்ந்த பட்டையைப் பிரித்து வளைத்து, கம்பெனி சொன்ன காற்றழுத்தம் வைத்து, கம்பெனி சொன்ன எடையோடு நிறுத்திக்கொண்டால் முக்கால்வாசிப் பேருக்கு அடி தட்டுகிற தொல்லையே தீர்ந்துவிடும். இல்லை, தூக்கித்தான் ஆவேன் என்றால், பட்டறைக்காரரிடம் ஒரு காரியம் கேட்டுப் பாருங்கள். இந்த வண்டி எண்ணில் இரண்டு இன்ச் கட்டை வைத்தேன், பிரேக் வால்வையும் ஹெட்லைட்டையும் சரிசெய்தேன், முழு லோடில் ஓட்டிப் பார்த்தேன், இதனால் ஒன்று நடந்தால் நான் பொறுப்பு என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ரெண்டு இன்ச்தானே, எழுதித் தருகிறாரா பார்ப்போம்.